திருத்தினேன், மாத்தல

ஜன்னலோரம் நீங்களே இருங்க சார். எனக்கு இந்த ஓரந்தான் தோது. கால நீட்டணும், மடக்கணும், நடுவுல எந்திரிச்சும் நிக்கணும். ஒரே எடத்துல நிலையா உக்கார முடியல இப்பல்லாம். வீட்லயும் இப்படித்தான். சாப்பிட உக்காந்தா எந்திரிச்சுப் போயி வாசல் கேட்டு பூட்டியிருக்கான்னு பாக்கறேன். பூட்டித்தான் இருக்கு. வந்து ரெண்டு வாய் சாப்பிட்டு மறுபடியும் போறேன். எம் பொண்டாட்டி பேசறதையே நிறுத்திட்டா.

பையை மேல வைக்கச் சொல்றாரு கண்டக்டர். வைக்க மாட்டேன். உள்ள பேப்பர் இருக்கு, மடங்கக் கூடாது. நெய்ப் பூந்தி டப்பாவும் இருக்கு, சாஞ்சா நெய் பேப்பர்ல இறங்கிடும். காரைக்குடியில ஒரு பொண்ணைப் பாக்கப் போறேன். இல்ல இல்ல, சம்பந்தம் பேசல்லாம் இல்ல, ஆபீஸ் விஷயம். அந்தப் பொண்ணு ஒரே ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டா, இந்த மாசக் கடைசில எனக்கு ரிட்டையர்மென்ட். ஆபீஸ்காரங்க மாலை போட்டு, கார் வெச்சு, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவாங்க. போடலேன்னா மாலையும் கிடையாது, காரும் கிடையாது. சஸ்பெண்டு. நாளைக்கு விசாரணை, கடைசி விசாரணை.

எம் பேரு கலியபெருமாள். சூப்பரின்டெண்ட். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, பேரு வேண்டாம். திருச்சியில கட்டடம் பாத்துக்கற ஆபீஸ், அது போதும். எஞ்சினியருங்க பள்ளிக்கூடம், ஹாஸ்டல்னு போயி கட்டடத்தைப் பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுவாங்க. ரிப்போர்ட் எங்கிட்ட வரும், நான் மெட்ராசுக்கு அனுப்புவேன். வரும், போகும்னு சொல்றேனே தவிர நடுவுல ஒரு வேலை இருக்கு. அதை நயம் பண்றதுன்னு நாங்க சொல்லுவோம்.

எஞ்சினியருக்குக் கட்டடம் தெரியும் சார், வார்த்தை தெரியாது. 'சுவர் பிளந்து நிற்கிறது'ன்னு எழுதிடுவான். மேல உக்காந்து படிக்கறவரு என்ன கேப்பாரு? எப்ப பிளந்துச்சு, கட்டினவன் யாரு, போன வருஷம் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதினவன் யாருன்னு கேப்பாரு. ஒரு வார்த்தையால நாலு வீட்ல அடுப்பு அணைஞ்சிடும். அதை நான் 'விரிசல் காணப்படுகிறது'ன்னு ஆக்குவேன். 'உடனே'ன்னு இருந்தா 'உரிய காலத்தில்'. 'இடிக்க வேண்டும்'னு இருந்தா 'பரிசீலிக்கலாம்'. அவ்ளோதான். வேலைக்குச் சேந்த காலத்துலேருந்து பண்றேன். எத்தனையோ ஈ.ஈ. வந்து போனாங்க, ஈ.ஈ.ன்னா எங்க பெரிய எஞ்சினியரு. ஒருத்தர் விடாம சொல்லிருக்காங்க, கலியபெருமாள் கை பட்டா ரிப்போர்ட் பூ மாதிரி இருக்கும்னு.

ஒரே ஒரு தடவ துறையூர்ப் பக்கம் ஒரு காம்பவுண்டு சுவர் விழுந்துச்சு. ஒரு ஆளுக்குக் கால் போச்சு. அதுவும் நான் நயம் பண்ண ரிப்போர்ட்தான். ஆனா அது மழை சார். அன்னிக்குப் பேய்மழை. மழைக்கு நான் என்ன பண்ணுவேன்?

இது என்ன ஊரு, கீரனூரா? இப்பதான் கீரனூரே வருதா?

எங்க விட்டேன்? ம், அப்புறந்தான் இந்த டோக்கன் வந்துச்சு. பாத்திருப்பீங்க, பென் டிரைவ் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல சொருகி ரகசிய நம்பரைப் போட்டா ஃபைல்ல கையெழுத்து விழுந்துடும், டிஜிட்டல் கையெழுத்து. மெட்ராசுலேருந்து உத்தரவு போட்டுட்டாங்க, இனிமே காகிதம் கிடையாது, ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர் ஃபைலா, டோக்கன் கையெழுத்தோட வரணும்னு. ஆளுக்கு ஒரு டோக்கன் குடுத்தாங்க. எங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் என்ன பண்ணாங்க தெரியுமா? வாங்கின கையோட எங்கிட்ட குடுத்துட்டாங்க. என் டிராயர்ல ஒரு பிஸ்கட் டப்பா, அதுல எல்லா டோக்கனும். எது யாருதுன்னு தெரியணுமே, ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேரும் ரகசிய நம்பரும் எழுதி வெச்சேன். எங்க ஈ.ஈ. துரைமாணிக்கம் சார் தன்னோட டோக்கனை வாங்கின அன்னிக்குப் பாத்ததுதான். நயம் பண்றதும் நான், டோக்கன் சொருகறதும் நான், கையெழுத்து போட்டு அனுப்பறதும் நான். தணிக்கைக்கு வந்த ஒரு ஆளு, எல்லாம் பாதுகாப்பா இருக்கான்னு கேட்டாரு. டிராயர் பூட்டைக் காட்டினேன், இடுப்புல சாவியைக் காட்டினேன். திருப்தியாப் போனாரு.

இப்படி நல்லா ஓடிட்டிருந்த வண்டியிலதான் இந்தப் பொண்ணு வந்து ஏறுச்சு. ஜெசிந்தான்னு பேரு. புதுசா சேந்த எஞ்சினியர். சின்ன வயசு, நல்ல மரியாதை, சார் சார்னுதான் கூப்பிடும், அதுல குறை சொல்ல மாட்டேன். வந்த அன்னிக்கே டப்பாவை நீட்டினேன், போடும்மான்னு. போடல. கழுத்துல தொங்கற ஐ.டி. கார்டு கயித்துலயே டோக்கனையும் மாட்டி வெச்சிருந்துச்சு, தாலி மாதிரி. ஏம்மா எங்க மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன்.

"நம்பிக்கை இருக்கு சார். ஆனா இது என் கை. கையைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டுப் போக முடியாதுல்ல"ன்னுச்சு.

அப்படி என்னம்மா அதுல அதிசயம்னு கேட்டேன். உக்காந்து பொறுமையாச் சொல்லுச்சு. ஃபைல்ல இருக்கற ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும், நடுவுல விட்டிருக்கற எடத்தைக்கூட விடாம, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஒரு நம்பர் எடுக்குமாம். அந்த நம்பரை டோக்கன் பூட்டி ஃபைலோட வெச்சிடுமாம். யாரு வேணா படிக்கலாம், படிக்கறதுக்குத் தடை இல்ல. ஆனா ஒரு கமாவை நகத்தினாக்கூட மறுபடி போடற கணக்கு பழைய நம்பரோட ஒத்துப் போகாதாம். கேஸ் சிலிண்டர் மூடியில சீல் இருக்குல்ல சார், அது மாதிரின்னுச்சு. சீல் திருடனைத் தடுக்காது, யாரோ தொறந்திருக்காங்கன்னு மட்டும் காட்டிக் குடுக்குமாம். எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்த எடத்துல திருடங்கற வார்த்தை எதுக்கு சார்? நல்ல வார்த்தையா கிடைக்கல? இதுக்குத்தான் எஞ்சினியருக்கு வார்த்தை தெரியாதுன்னு சொல்றது.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். நீங்க குடிக்கறீங்களா? வேண்டாமா, சரி.

மணப்பாறைக்கு அந்தாண்ட ஒரு பொண்ணுங்க ஹாஸ்டல். மாடியில படிக்கற ஹால் இருக்கு. சாயந்திரமானா அத்தனை பொண்ணுங்களும் அங்கதான் உக்காந்து படிக்கும். ஜெசிந்தா போயி, கூரையைச் சுத்தியலால தட்டிப் பாத்திருக்கு. காரை பொலபொலன்னு கொட்டிருக்கு, உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிக் கெடக்காம். வந்து ரிப்போர்ட் எழுதிருச்சு. 'கூரை எந்த நேரமும் விழலாம். மாணவிகளை இன்றே வெளியேற்ற வேண்டும்.' எழுதி, டோக்கன் கையெழுத்து போட்டு, எனக்கு மெயில் பண்ணிட்டு அடுத்த ஊருக்குப் போயிருச்சு.

'இன்றே'. நீங்களே சொல்லுங்க சார், ஒரு எஞ்சினியர் எழுதற வார்த்தையா இது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே கூரையைப் பாத்து 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதினது யாரு? துரைமாணிக்கம் சார். இது அப்படியே போனா அவரு கதை என்ன ஆகறது? பதவி உயர்வு லிஸ்ட்ல இருக்கற மனுஷன். என்னைக் கூப்பிட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "பாத்துக்கங்க கலியபெருமாள்"னாரு. அது போதும் சார் எனக்கு. பழகின மனுஷனுக்கு ஜாடை காட்டினா போதாதா?

ஃபைலைத் தொறந்தேன். மேல ஒரு மஞ்சப் பட்டை வந்துச்சு, இதுல கையெழுத்து இருக்கு, இதுதான் முடிவான ஃபைல்னு. இருக்கட்டும்னு திருத்தப் போனேன். திருத்தினா கையெழுத்து போயிடும், பரவாயில்லையான்னு கேட்டுச்சு. கம்ப்யூட்டர் எதைத்தான் சார் கேக்கல? மூடவான்னு கேக்கும், சேமிக்கவான்னு கேக்கும். எல்லாத்துக்கும் நான் 'எஸ்' குடுத்துத்தான் பழக்கம். குடுத்தேன். நயம் பண்ணேன். 'கூரையில் பழுது காணப்படுகிறது. மாணவிகளின் நலன் கருதி உரிய காலத்தில் சீரமைக்கப் பரிசீலிக்கலாம்.' பாருங்க, நலன் கருதிங்கறதை நானாத்தான் சேத்தேன். அந்தப் பொண்ணு ரிப்போர்ட்ல நலன்ங்கற வார்த்தையே இல்ல. ஈ.ஈ. டோக்கனை எடுத்து, அவரு பேர்ல ஒரு லெட்டர் போட்டு, இந்த ரிப்போர்ட்டைக் கூட வெச்சு அனுப்பிட்டேன்.

திரும்பி வந்துடுச்சு. ரிப்போர்ட்ல எஞ்சினியர் கையெழுத்து இல்லேன்னு. ஜெசிந்தாவைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொல்லிருக்கலாம். ஆனா கேட்டா அது படிச்சுப் பாத்துத்தான் போடும், அந்தக் குணம் அதுக்கு. டோக்கனும் அது கழுத்துல. சரி, கையெழுத்துதானே வேணும்னு, அது பேனாவால எழுதிக் குடுத்த லீவு லெட்டர் ஒண்ணு ஃபைல்ல இருந்துச்சு, அதை ஸ்கேன் பண்ணி, கையெழுத்தை மட்டும் வெட்டி, ரிப்போர்ட் அடியில ஒட்டினேன். நீல மை, பாத்தா ஒட்டினதுன்னே தெரியாது. அந்தப் பொண்ணே பாத்தாலும் தன் கையெழுத்துன்னுதான் சொல்லும். தன் கையெழுத்துதானே சார் அது? நானா போட்டேன்?

மெட்ராசுல கம்ப்யூட்டர் செக்ஷன்ல எவனோ ஒரு மூக்கு நீண்டவன் இருந்திருக்கான். இது கையெழுத்து இல்ல, கையெழுத்தோட படம்னு சொல்லி, ஜெசிந்தாவுக்கே போன் போட்டுட்டான். இன்றேன்னு எழுதின ரிப்போர்ட் இன்னுமா வந்து சேரலன்னு அந்தப் பொண்ணு பதறிருக்கு. எனக்கு அனுப்பின மெயில்ல மூல ஃபைல் பத்திரமா இருந்துச்சு. அப்படியே தட்டி விட்டுருச்சு. அவங்க தொறந்து பாக்கறாங்க, கையெழுத்து சரியா இருக்கு, ஒரு எழுத்து மாறலன்னு கம்ப்யூட்டரே சத்தியம் பண்ணுது. அன்னிக்குச் சாயந்திரமே உத்தரவு. பொண்ணுங்களை எல்லாம் பெட்டி படுக்கையோட பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போயிட்டாங்க.

பிள்ளையார் புடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைதான் சார். நாலு பேரைக் காப்பாத்தத்தான் பண்ணேன், எல்லாருமா சேந்து என் தலையில கட்டிட்டாங்க.

புதுக்கோட்டை வந்துடுச்சா? டீ குடிக்க நிறுத்துவானா? நிறுத்த மாட்டானா. நல்லது, சீக்கிரம் போகட்டும்.

அந்தக் கூரை விழுந்துடுச்சு சார். பொண்ணுங்க போனதுக்கு அடுத்த வாரம். சொல்லாம விட்டுட்டேன்ல? நல்ல மழை கூட இல்ல, சும்மா தூறல். விளக்கு வெக்கற நேரத்துல அந்த ஹால் முழுசா எறங்கிடுச்சு. நானும் ஈ.ஈ.யும் போயிப் பாத்தோம். பெஞ்செல்லாம் கூழாக் கெடந்துச்சு. ஒரு மூலையில சுவத்துல, கரும்பலகை அப்படியே நிக்குது, பொண்ணுங்க போறதுக்கு முன்னாடி, பரீட்சைக்கு யாரு யாரு எங்க உக்காரணும்னு எழுதின பேருங்க இருக்கு. மாலதி, சப்னம், இன்னும் என்னென்னமோ. நான் படிக்கல, பாத்தேன், அவ்ளோதான். அந்தப் பேருங்கதான் இப்ப... விடுங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே. ஒரு கீறல் இல்ல. அப்ப என் மேல என்ன சார் கேஸு? சேதம்னு ஒண்ணு இருந்தாத்தானே குத்தம்?

ஹாஸ்டல் வார்டன் ஒரு அம்மா, ராஜகுமாரின்னு பேரு. எங்க ஜீப்பைப் பாத்ததும் ஓடி வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. ஈ.ஈ. கையைப் புடிக்கல, என் கையைத்தான். ஆபீஸ்லேருந்து ரிப்போர்ட் அனுப்பறவரு நான்தான்னு யாரோ சொல்லிருக்காங்க. "உங்க ரிப்போர்ட்டு வரலேன்னா எம் புள்ளைங்க இன்னிக்கு எங்க இருக்கும் சார்"னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. அவங்க கண்ணீர் என் முழங்கையில விழுது. நான் என்ன சொல்ல முடியும்? இல்லம்மா, அந்த ரிப்போர்ட் வேறன்னு சொல்லவா? ஆமாம்மா, எங்க கடமைதானேன்னேன். ஈ.ஈ. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அன்னிலேருந்துதான் எனக்கு இந்தக் கால் நிலையா நிக்க மாட்டேங்குது. டாக்டர் சர்க்கரைங்கறாரு. சர்க்கரை இல்ல.

விசாரணையில ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல தொறந்து காட்டினாங்க. மாத்தினது யாருன்னு கேட்டாங்க. நான் தெளிவாச் சொன்னேன், திருத்தினேன், மாத்தலன்னு. எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஈ.ஈ.யைக் கேட்டாங்க, நீங்கதானே அனுப்பி வெச்சிருக்கீங்க, உங்க கையெழுத்து இருக்கேன்னு. அந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது, என் டோக்கன் சூப்பரின்டெண்ட் டப்பாவுலதான் எப்பவும் கெடக்கும், நம்பரும் அவருக்குத்தான் தெரியும்னாரு. பொய்யும் இல்ல சார் அது. ஒரு வார்த்தை பொய் இல்ல. யாருக்காகப் பண்ணேன் நான்? அன்னிக்கு ஆபீஸ் மாடிப்படியில உக்காந்து அழுதேன். வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன்.

இதுக்கு நடுவுலதான் ஜெசிந்தாவைக் காரைக்குடிக்குத் தூக்கிட்டாங்க. அதுல எனக்குப் பங்கில்ல. ஈ.ஈ. லெட்டர் எழுதச் சொன்னாரு, நான் 'நிர்வாக நலன் கருதி'ன்னு கௌரவமா எழுதினேன். வேற யாராவது எழுதிருந்தா 'ஒத்துழைக்காத ஊழியர்'னு எழுதிருப்பாங்க.

இப்ப எனக்கு ஒரே வழிதான். ரிப்போர்ட்ல பண்ண திருத்தம் தன் சம்மதத்தோடதான் நடந்துச்சுன்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது. போன்ல கேட்டேன். அம்மாடி, தாயி, உனக்கு அப்பா மாதிரி, ரிட்டையர் ஆகப் போறவன்னு கெஞ்சினேன். கோவமே படல அது. கோவப்பட்டிருந்தா சமாதானம் பண்ணிருப்பேன்.

"சார், நீங்க சொல்ல நினைக்கறதை ஃபைலா அனுப்புங்க. நான் படிக்கறேன். நடந்தது அப்படியே இருந்தா, டோக்கன் போட்டுக் கையெழுத்து போடறேன். அதுக்கப்புறம் அதுல நீங்களும் கை வெக்க முடியாது, நானும் வெக்க முடியாது. ரெண்டு பேருக்கும் அதுதான் சார் நல்லது"ன்னுச்சு.

அந்த மாதிரி கையெழுத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அதான் நேர்லயே கிளம்பிட்டேன். பேப்பர்ல, பேனாவால. மனுஷ மூஞ்சியைப் பாத்தா எரக்கம் வராதா? கிறிஸ்தவப் பொண்ணு, மன்னிப்புல நம்பிக்கை உள்ளது. பூந்தியை மொதல்ல குடுக்கணும். அப்புறம் பேப்பர். டைப் பண்ணியே கொண்டாந்துட்டேன், அதுக்குக் கஷ்டம் வேண்டாம்னு. 'நான், ஜெசிந்தா, சுய நினைவோடும் முழு மனதோடும்'னு ஆரம்பிக்குது. படிக்கறீங்களா? நல்லா வந்திருக்கு. கடைசிப் பாராவுல அந்தப் பொண்ணு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒரு வரி இருக்கு. அது இருந்தா விசாரணையில எடுபடும்.

அது போடும் சார். போட்டுடும். போடாம எங்க போகும்?

ஒருவேளை போடலேன்னா. ஒரு பேச்சுக்குச் சொல்றேன். போடலேன்னா, வாயாலயாவது ஒத்துக்கிச்சுன்னு காட்ட ஒரு சாட்சி வேணும். வெளி மனுஷனா, எங்க ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத ஆளா இருந்தா எடுபடும். உங்களைப் பாத்தா படிச்சவரு, கௌரவமான முகம். நீங்க என் கூட வரக்கூட வேண்டாம் சார், உங்க வேலை கெடக்கூடாது. இந்தாங்க, வெள்ளைத்தாள்தான். மேல ஒண்ணும் எழுதல. அடியில ஒரு கையெழுத்து, பேரு, செல் நம்பர், அவ்ளோதான். அது என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு மேல எழுத வேண்டியதை நான் நிதானமா எழுதிக்கறேன். வார்த்தையைப் பத்திக் கவலையே படாதீங்க, உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வராம நயமா எழுதுவேன். பேனா இந்தாங்க. பையை அட்டையா வெச்சுக்கங்க, வண்டி ஆடுது.

என்ன சார் எந்திரிக்கறீங்க? இது திருமயந்தான். நீங்களும் காரைக்குடிக்குத்தானே டிக்கெட் வாங்கினீங்க, நான் பாத்தேனே.